கோணல் வீடுகளின் ஊர்: ஒரு ஆங்கிலேயக் கிராமத்தைப் படிப்பது எப்படி?

லாவெனம் ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதன் கதவு ஒரு பக்கம் சாய, ஜன்னல் இன்னொரு பக்கம் சாய்கிறது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருக்கும். ஊரார் வைத்த பெயரே ‘கோணல் வீடு’தான். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றே: கட்டியவனுக்கு மட்டம் பார்க்கத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். வீடு கட்டியபோது நேராகத்தான் நின்றது. மரம் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான். ஓக் மரம் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி இறுகிவிடும், உளி இறங்காது. அதனால் அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்தை வெட்டிய ஈரத்தோடே இழைத்து, துளை போட்டு, வீட்டை நிறுத்திவிடுவார்கள். பிறகு மரம் வீட்டிலேயே நின்றபடி, வருஷக்கணக்கில் காயும். காயும்போது சுருங்கும், முறுக்கும், வளையும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பின் சில நூறு ஆண்டுகளில் அடிமண் இறங்கியது, யாரோ உள்சுவரை எடுத்தார்கள், யாரோ புகைபோக்கியைச் செருகினார்கள். கோணல் கூடிக்கொண்டே போனது.

இப்படிக் கோணலாக நிற்கும் வீடுகள் ஒரே ஊரில் தெருத்தெருவாக எப்படி மிஞ்சின? இதற்குப் பதில் கண்டுபிடித்தால் இங்கிலாந்தின் பழைய கிராமங்களைப் பார்க்கும் கண் நமக்கு வந்துவிடும். அதற்கு லாவெனத்தைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது என்பது என் கருத்து.

ஊர் இருப்பது கிழக்கு இங்கிலாந்தில், சஃபக் மாவட்டத்தில். எழுத்துக்கூட்டிப் படித்தால் லாவென்ஹாம் என்று வரும். அவர்கள் வாயில் அது லாவெனம். ‘ஹாம்’ என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். லாஃபா என்ற யாரோ ஒருவருடைய குடியிருப்பு என்று பொருள். பெர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பது இதே ‘ஹாம்’தான். 1086இல் வில்லியம் மன்னர் நாட்டின் நிலங்களை எல்லாம் கணக்கெடுத்தபோது லாவெனமும் பதிவேட்டில் ஏறியது. டி வியர் என்ற பிரபுக் குடும்பத்துக்கு அப்போதே இங்கே நிலம் இருந்தது. பின்னால் ஆக்ஸ்போர்டு பிரபுக்கள் ஆனவர்கள் இவர்கள்தான். 1257இல் வாரச் சந்தை கூட்ட அரசரிடமிருந்து உரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் சந்தை உரிமை சாதாரண விஷயம் இல்லை. சந்தை இருந்தால் அது டவுன், இல்லாவிட்டால் கிராமம். அந்தக் கணக்கில் லாவெனம் ஒரு டவுனாகத்தான் வளர்ந்தது.

டவுன் என்றால் சும்மா இல்லை. 1520களில் எட்டாம் ஹென்றி வசூலித்த வரிக் கணக்கைப் பார்த்தால், நாட்டின் செல்வச் செழிப்பான ஊர்களில் லாவெனம் 14ஆவது இடத்தில் இருக்கிறது. மதில் சூழ்ந்த பெருநகரமான யார்க்கைவிட இந்தச் சின்ன ஊர் அதிக வரி கட்டியது. இன்றைக்கு இங்கே வசிப்பவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை.

பணம் வந்தது கம்பளித் துணியில். லாவெனத்தின் சரக்கு நீல நிற அகலத் துணி. கம்பளியை நூற்ற பிறகோ நெய்த பிறகோ இவர்கள் சாயம் போடவில்லை. பஞ்சு மாதிரி இருக்கும்போதே சாயத்தில் முக்கிவிடுவார்கள். அதனால் நிறம் இழையின் உள்வரை ஏறி நிற்கும், லேசில் வெளுக்காது. நீலத்துக்கு வோட் என்ற செடியின் இலை. நமக்குத் தெரிந்த அவுரியில் இருக்கும் அதே நீலச் சாயம்தான் அதிலும் இருக்கிறது, அளவு மட்டும் ரொம்பக் குறைவு. இலையை அரைத்து உருட்டிப் புளிக்கவைத்தால்தான் சாயம் இறங்கும். அந்த நாற்றம் ஊரையே தூக்கும். கம்பளியின் பிசுக்கைப் போக்க, நாள்பட்ட மனித மூத்திரத்தையும் பயன்படுத்தினார்கள். இன்று ரோஜாக்கொடி படர்ந்து நிற்கும் வாட்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் ஓடை ஓடியது. அதன் மேல் செங்கல் வளைவு கட்டி மூடி, அதற்கும் மேலே வீடுகளைக் கட்டினார்கள். தெருவின் பெயர் மட்டும் தண்ணீரை மறக்கவில்லை. அழகான போட்டோக்களைப் பார்க்கும்போது அந்த நாற்றத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அகலத் துணி என்றேன் இல்லையா? தறியும் அவ்வளவு அகலம். ஒருவர் கை எட்டாது. இரண்டு நெசவாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையை) ஒருவர் எறிய மற்றவர் பிடிக்க வேண்டும். நெய்த துணியைத் தண்ணீரில் நனைத்து ஆலையில் மரச் சுத்தியலால் இடிப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி தடித்து, மழைத்தண்ணீர்கூட எளிதில் இறங்காத அளவுக்கு இறுகும். இத்தனை வேலைகளும் ஒரே கூரையின் கீழ் நடக்கவில்லை. துணி முதலாளி கம்பளியை வாங்குவார். சிக்கெடுக்க ஒரு வீடு, நூற்க ஒரு வீடு, நெய்ய இன்னொரு வீடு என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். கூலி அவர் கொடுப்பது, சரக்கு அவருடையது, லாபமும் அவருக்கே. இந்த ஏற்பாட்டில் சிலர் மலைக்க வைக்கும் பணக்காரர்கள் ஆனார்கள். 1523இல் இறந்த மூன்றாம் தாமஸ் ஸ்பிரிங் அவர்களில் முதல் ஆள். பிரபுக் குடும்பத்தில் பிறக்காத மனிதர்களில், லண்டனுக்கு வெளியே அவருக்கு ஈடான பணக்காரர் அநேகமாகக் கிடையாது.

அவர் போன இரண்டே ஆண்டில் ஊர் கொதித்தது. பிரான்ஸ் மீது படையெடுக்க ஹென்றிக்குப் பணம் வேண்டியிருந்தது. அவருடைய அமைச்சர் கார்டினல் வூல்சி ஒரு புது வரியைக் கொண்டுவந்தார். அதற்கு வைத்த பெயர் ‘அன்பான நன்கொடை’. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் போட்ட வரிக்கு இந்தப் பெயர்! வரி கட்டினால் கூலி கொடுக்கக் கையில் காசு இருக்காது என்று முதலாளிகள் ஆட்களை வேலையைவிட்டு நிறுத்த, 1525 மே மாதம் சுமார் 4,000 பேர் லாவெனத்தில் திரண்டார்கள். கோயில் மணி அடித்தால் புறப்படுவது என்று ஏற்பாடு. மணியின் நாக்கை யாரோ ஒரு முதலாளி முன்கூட்டியே கழற்றிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அடக்க வந்த நார்ஃபோக் பிரபு, “உங்கள் தலைவன் யார்?” என்று கேட்டாராம். ஜான் கிரீன் என்ற வயதானவர் முன்னே வந்து, எங்கள் தலைவன் பெயர் வறுமை, அவனும் அவனுடைய உறவுக்காரன் தேவையும்தான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்றார். அக்காலத்து வரலாற்றுக் குறிப்பாளர் ஒருவர் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். கடைசியில் அரசர் இறங்கிவந்து வரியைக் கைவிட்டார். முன்னின்றவர்களுக்கு மன்னிப்பும் கிடைத்தது.

ஆனால் ஜான் கிரீன் சொன்ன அந்தத் தலைவன் ஊரைவிட்டுப் போகவில்லை. தடித்த நீலத் துணியின் மவுசு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 1560களுக்குப் பிறகு, மதக் கொடுமைக்குத் தப்பி நெதர்லாந்துப் பகுதியிலிருந்து ஓடிவந்த நெசவாளர்கள் பக்கத்து ஊரான கோல்செஸ்டரில் குடியேறினார்கள். அவர்கள் நெய்தது மெல்லிய, விலை குறைந்த புது ரகத் துணி. வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். லாவெனம் மற்ற ஊர்த் தறிகளுக்கு நூல் நூற்றுக் கொடுக்கும் நிலைக்கு இறங்கியது. 19ஆம் நூற்றாண்டில் குதிரை முடியை நாற்காலி உறைக்கு நெய்து பிழைத்தது. 1860களின் கடைசியில் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்றுகூட வந்தது. அதுவும் நீடிக்கவில்லை.

இங்கேதான் விஷயம். பணம் வந்துகொண்டே இருந்த ஊர்களில் என்ன நடந்தது? 18ஆம் நூற்றாண்டில் செங்கல் வீடு நாகரிகமானது. பழைய மர வீடு பட்டிக்காட்டுத்தனம் என்று இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதையும் இடித்து மறுபடி கட்டினார்கள். லாவெனத்துக்காரர்களுக்கும் ஆசை இல்லாமல் இருந்திருக்காது. கையில் காசு இல்லை. ஒழுகினால் கூரை ஓடுகளை மாற்றினார்கள், உதிர்ந்தால் மண் அப்பினார்கள். ஒரு முதலாளி வாழ்ந்த வீட்டை நாலாக, ஆறாகத் தடுத்து ஏழைக் குடும்பங்கள் இருந்தன. அப்படியே 400 வருஷம் ஓடிவிட்டது. இன்று இந்த ஊரில் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடங்கள் 300க்கும் மேல். பாதுகாக்க வேண்டும் என்று யாரும் நினைத்துப் பாதுகாத்ததல்ல பெரும்பாலானவை. விதிவிலக்குகளும் உண்டு. மார்க்கெட் ப்ளேஸில் ‘கிரேட் ஹவுஸ்’ என்ற கட்டடத்தைப் பாருங்கள். முகப்பு 18ஆம் நூற்றாண்டுப் பாணியில், சதுர ஜன்னல்களோடு கண்ணியமாக நிற்கும். உள்ளே போனால் பழைய ஓக் உத்திரங்கள். அந்த வீட்டுக்காரருக்கு முகத்தை மாற்ற மட்டும் காசு இருந்திருக்கிறது.

சரி, இப்போது ஒரு வீட்டின் முன் நின்று படிக்கப் பழகலாம்.

முதலில் எலும்புக்கூடு. சஃபக் மண்ணில் கட்டடக் கல் கிடையாது. மேற்கே காட்ஸ்வோல்ட் பகுதியில் தோண்டினால் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வரும், அதனால் அங்கே கிராமங்களே தேன் நிறத்தில் இருக்கும். இங்கே கிடைப்பது களிமண்ணும் சக்கிமுக்கிக் கல்லும் ஓக் மரமும். காலடியில் எது இருந்ததோ அதுதான் வீடு. ஓக் கட்டைகளால் முழு வீட்டுக்கும் ஒரு கூடு செய்வார்கள். சுவர் வெறும் அடைப்புதான். கூரைப் பாரம் முழுவதும் மரக்கூட்டின் தலையில்.

கூட்டை வீட்டு மனையில் செய்வதில்லை. தச்சர் தன் பட்டறை முற்றத்தில் தரையில் படுக்கப்போட்டுச் செய்வார். ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையின் நுனியில் அந்தத் துளைக்குள் போய் உட்காரும் நாக்கு. இரண்டையும் பொருத்தி, குறுக்கே ஒரு ஓட்டை போட்டு, ஓக் மரத்திலேயே சீவிய ஆணியை அடித்து இறுக்குவார். இரும்பு ஆணிக்கு வேலையே இல்லை. பச்சை மரம் காயக் காயப் பொருத்து இன்னும் இறுகிப்போகும். எல்லாம் சரியாக வந்ததும் மொத்தத்தையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி பூட்டுவார்கள். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று குழம்பாமல் இருக்க, உளியால் கோடு கீறி ரோமன் எண்கள் போட்டுவைப்பார்கள். பழைய வீடுகளின் உள்பக்கத்தில், பொருத்துகளின் ஓரத்தில் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள்: ஒரு கட்டையில் மூன்று கீறல், அதைத் தொடும் கட்டையிலும் மூன்று கீறல். விரல் வைத்துத் தடவிப் பார்க்கும் ஆழத்தில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் புரியும் கையேடு அது. இந்தக் கழற்றிப் பூட்டும் சமாச்சாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது வரிச்சு கட்டி மண் அப்பும் வேலை. ஹேசல் மரக் குச்சிகளை நிறுத்திப் பின்னி, களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம், சில நேரம் குதிரை முடி எல்லாவற்றையும் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு. கேவலமாகத் தெரியலாம், ஆனால் அந்தச் சுவர் மூச்சு விடும். உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வந்துவிடும். 20ஆம் நூற்றாண்டில் சிலர் நல்லது செய்வதாக நினைத்து இப்படிப்பட்ட வீடுகளுக்கு சிமென்ட் பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, 500 வருஷம் நின்ற ஓக் அழுக ஆரம்பித்தது. பழைய வீட்டுக்கு சிமென்ட் எமன் என்பது இங்கிலாந்தின் பழுதுபார்ப்புக்காரர்கள் முதலில் கற்கும் பாடம்.

அடுத்து, மரக்கட்டைகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கூரையைத் தாங்க அத்தனை கட்டைகள் தேவையே இல்லை. ஒரு கட்டை, ஒரு கட்டை அகல இடைவெளி, மறுபடி ஒரு கட்டை என்று வரிசையாக நிறுத்தியிருந்தால், அது பணத் திமிர். ஓக் விலையுயர்ந்த சரக்கு. கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.

மாடி தெருவின் மேல் ஒரு முழம், ஒன்றரை முழம் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஜெட்டி என்று பெயர். சிரிக்க வேண்டாம், படகுத்துறைக்குச் சொல்லும் அதே சொல்தான், முன்னே எறியப்பட்டது என்று அர்த்தம். ஏன் நீட்டினார்கள்? தரைக்குத்தான் வரி, அதனால் கீழே குறைத்து மேலே பெரிதாக்கினார்கள் என்று வழிகாட்டிகள் கதைவிடுவார்கள், நம்ப வேண்டாம். மாடியில் கொஞ்சம் இடம் கூடுகிறது, கீழ்ச்சுவருக்கு மழை படுவது குறைகிறது, எல்லாவற்றுக்கும் மேலே பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது. கடைசிக் காரணம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஜெட்டி பெரும்பாலும் தெருப் பக்கம்தான் இருக்கும். கொல்லைப் பக்கம் சுவர் நேராக நிற்கும்.

ஜன்னலுக்கு வாருங்கள். ‘விண்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவிய வார்த்தை. நம் பழந்தமிழில் ‘காலதர்’, அதாவது காற்று வரும் வழி. இரண்டு மொழிக்காரர்களும் ஜன்னலில் கண்ணாடி இல்லாத காலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. லாவெனத்தின் பழைய வீடுகளில் செங்குத்தான மரக்கம்பிகளும் உள்ளே இழுத்து மூடும் பலகையும்தான். கண்ணாடி பெரும் பணக்காரர்களின் சொத்து. லேடி ஸ்ட்ரீட் மூலையில் வளைந்த தலையோடு அகலமான மரத் திறப்புகள் இருக்கும். அவை 16ஆம் நூற்றாண்டுக் கடை ஜன்னல்கள். வியாபாரி உள்ளே நிற்பார், வாடிக்கையாளர் தெருவில். அப்படிப்பட்டவை இங்கிலாந்திலேயே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன.

வீட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள மார்க்கெட் ப்ளேஸின் ஓரத்தில் நிற்கும் ‘லிட்டில் ஹால்’ போதும். 1390களில் காஸ்டன் என்ற துணி வியாபாரிக் குடும்பத்துக்காகக் கட்டியது. நடுவே தரையிலிருந்து கூரை முகடுவரை திறந்த ஒரு பெரிய கூடம். கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு. ஆமாம், புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழுந்து கூரையிடுக்கு வழியாகத் தானாக வெளியேற வேண்டும். இந்த ரக வீடுகளில் கைமரங்கள் கரிப் பிடித்துக் கறுத்திருப்பதைப் பார்த்தே, இது புகைபோக்கிக்கு முந்தைய கூரை என்று சொல்லிவிடுவார்கள். எசமான், வேலைக்காரர், நாய், விருந்தாளி எல்லோருக்கும் அந்த ஒரே கூடம். ஒரு கோடியில் உணவுப்பொருள் அறைகள், மறு கோடியில் குடும்பத்துக்கான தனியறை, அதற்கு மேலே படுக்கை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் செங்கல் அடுப்பும் புகைபோக்கியும் வந்தன. புகை ஒரு குழாய்க்குள் அடங்கிவிட்டதால், கூடத்தின் பாதி உயரத்தில் ஒரு மாடித்தளம் போட முடிந்தது. ஆங்கிலேயர் வீட்டில் ‘தனித்தனி அறை’ என்ற பழக்கம் பரவியதற்குப் புகைபோக்கிக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு இந்த வீடும் ஆறு குடித்தனங்களாக உடைந்தது. 1920களில் கேயர்-ஆண்டர்சன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வாங்கிச் சீர்செய்தார்கள். அவர்களில் ஒருவர் எகிப்தில் பழம்பொருள் சேகரித்தவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் காதில் தங்க வளையத்தோடு உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற வெண்கலப் பூனை அவர் கொடுத்ததுதான்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ஆங்கிலேய வீடு என்றாலே கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தப் பளிச்சென்ற கறுப்பு பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை. சஃபக்கில் மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள், அல்லது மரத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். சும்மா விட்ட ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். சுண்ணாம்பில் காவியோ மஞ்சளோ கலப்பதும் உண்டு. சஃபக் ரோஸ் நிறம் தனிப் புகழ் பெற்றது. மாட்டு இரத்தம் கலந்தார்கள் என்று ஒரு கதை, கேட்க நன்றாக இருக்கிறது. இன்னொன்று, பின்னாளில் பல வீடுகளின் மரம் முழுவதும் பூச்சுக்குள் மறைந்து கிடந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் பூச்சை உடைத்து மரத்தை வெளியே காட்டினார்கள். ஆக, நாம் பார்க்கும் ‘பழைய’ தோற்றத்தில் கொஞ்சம் புதிதும் கலந்திருக்கிறது.

இனி கில்ட்ஹால். சந்தைச் சதுக்கத்தில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் நிற்கும் பெரிய கட்டடம், 1529-30 வாக்கில் எழுந்தது. கில்ட் என்றதும் நெசவாளர் சங்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது கார்பஸ் கிறிஸ்டி கில்ட், பக்தர் சபை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, ஊர்வலம் போவது, இறந்த உறுப்பினருக்காக ஜெபம் செய்விப்பது, ஆண்டுக்கொருமுறை பெரிய விருந்து போடுவது ஆகியவை அதன் வேலை. உறுப்பினர்கள் துணிப் பணக்காரர்கள் என்பதால் வியாபாரமும் அங்கே பேசப்பட்டிருக்கும், அது வேறு. பாவம், கட்டி இருபது வருஷம்கூட அனுபவிக்கவில்லை. 1547இல் அரசு இப்படிப்பட்ட சபைகளை எல்லாம் கலைத்துவிட்டது. அப்புறம் அந்தக் கட்டடம் பார்க்காத வேஷம் இல்லை: ஊர் நிர்வாக மண்டபம், சிறை, ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி, கம்பளிக் கிடங்கு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த பிள்ளைகளும் இங்கே தங்கியிருந்தார்கள். 1951 முதல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் காய்ந்து சருகான பூனை ஒன்று கிடக்கிறது. பழைய வீட்டுக் கூரைக்குள் இப்படிப் பூனையை வைப்பது கெட்ட ஆவிகளை அண்டவிடாது என்ற நம்பிக்கை அந்தப் பகுதியில் இருந்தது. எகிப்துப் பூனைக்குத் தங்க வளையம், உள்ளூர்ப் பூனைக்குக் கூரை இடுக்கு.

ஊர் மேட்டில் புனித பீட்டர்–புனித பால் தேவாலயம். கோபுரம் 141 அடி. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று தோன்றினால், சரியான கேள்வி கேட்டுவிட்டீர்கள். 1485இல் பாஸ்வர்த் போரில் ஹென்றி டியூடருக்காக முன்னணிப் படையை நடத்தியவர் 13ஆம் ஆக்ஸ்போர்டு பிரபு ஜான் டி வியர். அந்தப் போரோடு டியூடர் ஆட்சி பிறந்தது. ஊரில் கோயில் திருப்பணியும் தொடங்கியது. பிரபுவும் துணி முதலாளிகளும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். மூன்றாம் தாமஸ் ஸ்பிரிங் தன் உயிலில் கோபுரத்துக்கு 200 பவுண்டு எழுதிவைத்தார். வெளிச்சுவரில் சக்கிமுக்கிக் கல்லைப் பிளந்து பதித்திருக்கிறார்கள், பிளந்த முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும். வெட்டு வேலைக்கான கல்லைத் தூரத்திலிருந்து வரவழைத்தார்கள். அந்தக் கல்லில் செதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். ஐந்து முனை நட்சத்திரமும் காட்டுப்பன்றியும் வந்தால் அது டி வியர். கோபுரத்தின் உச்சிக் கைப்பிடிச் சுவரில் திரும்பத் திரும்ப வரும் கேடயம் ஸ்பிரிங் குடும்பத்துடையது. டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை போலும்.

இப்போது அந்தக் கழற்றிப் பூட்டும் விஷயத்துக்கு வரலாம். லேடி ஸ்ட்ரீட் மூலையில் ‘ஊல் ஹால்’ என்றொரு கட்டடம். 15ஆம் நூற்றாண்டில் மாதா பெயரிலான இன்னொரு பக்தர் சபைக்காகக் கட்டியது. தெருவுக்கு லேடி என்ற பெயர் வந்ததும் அந்த மாதாவால்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சிதைந்து கிடந்தது. பழைய மரக்கட்டடங்களை வாங்கி வேறிடத்தில் நிறுத்துவது அன்றைய பணக்காரர்களிடையே ஒரு மோகம். 1911இல் விக்டோரியா ராணியின் மகள் இளவரசி லூயிஸ் அதை வாங்கினார். மர ஆணிகளைத் தட்டி எடுத்து, கட்டை கட்டையாகப் பிரித்து, அஸ்காட் என்ற ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. ஊர்க்காரர்கள் இந்த முறை சும்மா இருக்கவில்லை. பாதிரியார் முன்னின்று எதிர்ப்புத் தெரிவிக்க, இளவரசியும் விட்டுக்கொடுத்தார். கட்டைகள் திரும்பி வந்தன. பொருத்துக்குப் பொருத்து சேர்த்து, இருந்த இடத்திலேயே கட்டடத்தை மறுபடி நிறுத்தினார்கள். கல் கட்டடமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வறுமை தற்செயலாகக் காத்துக்கொடுத்ததை ஊர் தெரிந்தே காக்கத் தொடங்கியது ஏறக்குறைய அப்போதுதான். நாட்டுக்கே சட்டம் வந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு. 1947 முதல் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் முறை வேரூன்றியது. பட்டியலில் ஏறிய வீட்டின் சொந்தக்காரர் ஜன்னல் சட்டத்தை மாற்றுவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் கைவைத்தால் அது குற்ற வழக்கு. 1960களில் ஊர் நடுவே இருந்த தந்திக் கம்பங்களையும் எடுத்துவிட்டு வயர்களை மண்ணுக்கடியில் கொண்டுபோனார்கள். போட்டோவில் ஒரு கம்பிகூட விழாமல் இருப்பதன் ரகசியம் அது.

ஊல் ஹால் இன்று பக்கத்திலுள்ள ஸ்வான் ஓட்டலோடு சேர்ந்துவிட்டது. 1944-45இல் ஊருக்கு வெளியே ஒரு அமெரிக்க விமானத்தளம் இருந்தது. ஜெர்மனி மீது குண்டு போடப் போய்த் திரும்பும் பையன்கள் ஸ்வானில்தான் பீர் குடிப்பார்கள். அவர்கள் கிறுக்கிய கையெழுத்துகள் மதுக்கூடத்தின் சுவரில் இன்னும் இருக்கின்றன. தச்சரின் உளிக் கீறலைத் தேடிப் போகிறவர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.